டேப்பா ஸ்பேஸா: பத்து வருஷம் தட்டிப் பார்த்த பிறகு

நிரல் வரியை உள்ளே தள்ளி எழுத டேப் விசையா, ஸ்பேஸா என்பது நிரல் எழுதுகிறவர்களிடையே பழைய சண்டை. என் கதை இது. சுங்கை சிப்புட் டவுனில், செம்பனைக் குலை வாங்கி ஆலைக்கு அனுப்பும் கடை ஒன்றுக்கு 2015-இல் ஒரு சின்னப் பைத்தான் நிரல் எழுதிக் கொடுத்தேன். எடைச் சீட்டுகளைப் படித்து, யாருக்கு எத்தனை கிலோ என்று சாயங்காலம் கூட்டிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மாதம் கழித்துக் கடைக் கணினியிலேயே உட்கார்ந்து ஒரு வரியை மாற்றி எழுதினேன். அந்த வாரக் கடைசியில் சிறுதோட்டக்காரர் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றார்.

"தம்பி, ஏழு நடை லோரி போயிருக்கு. உங்க கணக்குல ரெண்டு நடைதான் வருது."

"இருங்க அங்கிள், பார்த்துடலாம்" என்று சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் திரையையே வெறித்தேன். பைத்தானில் எந்த வரி எதற்குள் அடங்கும் என்பதை வரிக்கு முன்னால் விடும் வெற்றிடம்தான் சொல்லும். பழுக்காத குலை இருந்தால் எடையில் கழிக்க ஓர் இஃப், அதாவது நிபந்தனை வரி. அதற்குள் கழிக்கும் வரி. அதற்கு வெளியே, மொத்தத்தில் கூட்டும் வரி. எல்லாம் நூல் பிடித்த மாதிரி வரிசையாக நின்றன.

நிரல் எழுதும் எடிட்டரான நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸில் மறைந்திருக்கும் எழுத்துகளைக் காட்டச் சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. இஃப் வரிக்கு முன்னால் நான்கு புள்ளிகள், அதாவது நான்கு ஸ்பேஸ், கழிக்கும் வரிக்கு முன்னால் எட்டு. நான் மாற்றிய கூட்டும் வரிக்கு முன்னால் மட்டும் நீளமாக ஓர் அம்பு, அதாவது ஒரே ஒரு டேப். வீட்டில் என் எடிட்டரை ஸ்பேஸ் போடும்படி அமைத்திருந்தேன், கடையில் அமைக்கவில்லை. எடிட்டர் அந்த டேப்பை நான்கு கட்ட அகலத்தில் வரைந்ததால், அது இஃப்புக்கு நேர் கீழே நிற்பதுபோலத் தெரிந்தது. ஆனால் கடையில் ஓடிய பழைய பதிப்பான பைத்தான் 2 டேப்பை எட்டின் அடுத்த மடங்காக எண்ணும். அதன் கணக்கில் அந்த வரி இஃப்புக்கு உள்ளே போய்விட்டது. பழுக்காத குலை ஏற்றிவந்த லோரி மட்டும் மொத்தத்தில் சேர்ந்தது. அங்கிள் ஐந்து நடை நல்ல பழமாக அனுப்பியதுதான் தப்பு!

பைத்தான் 3 இந்தக் கலப்படத்தை ஏற்பதே இல்லை. டேப்எரர் என்று சொல்லி ஓட மறுத்துவிடும். தப்பாகக் கூட்டிக் கொடுப்பதைவிட ஓடாமல் நிற்பது எவ்வளவோ மேல்.

அன்றிலிருந்து நான் ஸ்பேஸ் கட்சி. பைத்தானின் பெப் 8 நடைக் குறிப்பும் நான்கு ஸ்பேஸைத்தான் சொல்கிறது. "நாலு தடவை யார் தட்டுறது?" என்று இன்னும் கேட்கிறார்கள். தட்ட வேண்டியதே இல்லை. டேப் விசையை அழுத்தினால் எடிட்டரே நான்கு ஸ்பேஸ் போடும். பேக்ஸ்பேஸை ஒருமுறை தட்டினால் நான்கும் சேர்ந்து போகும். 2018-இல் விஎஸ் கோடு என்ற எடிட்டருக்கு மாறினேன், இன்றும் அதுதான். விம் என்ற எடிட்டரில் எழுதும்போது எக்ஸ்பேண்ட்டேப் என்ற ஒரு வரி போதும், சாஃப்ட்டேப்ஸ்டாப்பையும் நான்காக வைத்தால் பேக்ஸ்பேஸும் அதே மாதிரி நடந்துகொள்ளும்.

விஎஸ் கோடில் என்னைக் குழப்பியது ஒன்றுண்டு. டேப் சைஸ் நான்கு என்று அமைத்திருப்பேன், ஆனால் சில கோப்புகளில் கீழ்ப்பட்டையில் ஸ்பேசஸ் இரண்டு என்று நிற்கும். அது பிழை இல்லை. டிடெக்ட் இன்டென்டேஷன் என்ற அமைப்பு, கோப்பில் ஏற்கனவே என்ன இருக்கிறது என்று பார்த்து அதன்படி போகிறது. அடுத்தவர் நிரலைத் திருத்தும்போது அது நல்லதுதான். ஆனால் பழைய கலப்படக் கோப்பைத் திறந்தால் அதுவும் ஊகம்தானே? ஒரு வருஷம் அணைத்து வைத்திருந்தேன், அப்புறம் மறுபடி போட்டுவிட்டேன். வெற்றிடத்தைக் காட்டும் அமைப்பை மட்டும் எப்போதும் அணைப்பதில்லை. முதல் வாரம் புள்ளிகள் கண்ணை உறுத்தும், பிறகு கவனத்திலேயே இருக்காது.

டேப் கட்சிக்காரர்களிடம் தோற்ற இடத்தையும் சொல்லிவிடுகிறேன். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியதும் எழுத்தைப் பெரிதாக்காமல் வாசிக்க முடியவில்லை. பதினான்கு அங்குலத் திரையில் ஐந்து படி உள்ளே போன நிரல் என்றால், நான்கு ஸ்பேஸ் கணக்கில் இருபது கட்டம் வெறுமையாகவே போய்விடும். டேப்பாக இருந்தால் அகலத்தை இரண்டென்று வைத்துக்கொள்வேன், கோப்பைத் தொடவே வேண்டாம். வேறொரு வேலைக்காக கோ மொழி எழுத ஆரம்பித்தபோதுதான் இந்தச் சுகம் தெரிந்தது. அங்கே நிரலை ஒழுங்குபடுத்தும் கோஃபம்ட் என்ற கருவி எல்லாவற்றையும் டேப்பாக்கிவிடும், சண்டைக்கே இடமில்லை. புதிதாக, தனியாக, என்ன மொழியென்று முடிவாகாமல் ஒரு வேலை தொடங்கினால் இப்போது டேப்பையே யோசிப்பேன். பைத்தானில் மட்டும் ஊரோடு ஒத்துப் போகிறேன்.

நிரலைக் கட்டித் தரும் மேக் என்ற கருவிக்குக் கட்டளைகளை எழுதிவைக்கும் மேக்ஃபைல் தனி ஜாதி. கட்டளை வரிக்கு முன்னால் டேப்தான் இருக்க வேண்டும், ஸ்பேஸ் போட்டால் மிஸ்ஸிங் செபரேட்டர் என்று நின்றுவிடும். மேக்கை 1976-இல் பெல் ஆய்வகத்தில் எழுதிய ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேனுக்கே அது பிறகு உறுத்தியதாம். அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டதால் மாற்றவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் பன்னிரண்டு பேருக்காக நாம் இன்றுவரை டேப் தட்டுகிறோம்.

இதையெல்லாம் ஒவ்வொரு கணினியிலும் போய் அமைத்துக்கொண்டிருக்க முடியாது, கடையில் நான் பட்டது அதுதானே. அதனால் இப்போது திட்டத்தின் தலைக் கோப்புறையிலேயே எடிட்டர்கான்ஃபிக் கோப்பு ஒன்று வைக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஸ்பேஸ், அளவு நான்கு, மேக்ஃபைலுக்கு மட்டும் டேப் என்று அதில் எழுதியிருக்கும். விஎஸ் கோடுக்கும் நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸுக்கும் தனியே நீட்சி போட வேண்டும். போட மறந்தால் கோப்பு இருந்தும் பிரயோஜனமில்லை.

பழைய நிரல் முழுவதையும் ஒரே நாளில் ஸ்பேஸாக மாற்றினேன். ஒருநாள் கடைக்காரர் மகன், எந்த வரியைக் கடைசியாக யார் மாற்றினார் என்று காட்டும் கிட் பிளேமைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணே, நான் எழுதின வரியெல்லாம் உங்க பேர்ல இருக்கே?" என்றான். வெற்றிட மாற்றத்தைப் பொருட்படுத்தாதே என்று சொல்ல, கட்டளையோடு ஒரு கழித்தல் குறியும் டபிள்யூவும் சேர்த்து ஓட்டச் சொன்னேன். அவன் வரிகள் அவன் பெயருக்குத் திரும்பின. கூட்டும் வரியில் மட்டும் என் பெயரே நிற்கிறது.