முக்கால் மீட்டரில் கேட்பவருக்கு எந்த ஸ்பீக்கர்?

மேசைமேல் இருந்த ஸ்பீக்கர்களை அண்மையில் மாற்றினேன். அறை சிறியது, நீளவாட்டில் 3 மீட்டர்தான். நாற்காலியில் உட்கார்ந்தால் காதுக்கும் ஸ்பீக்கருக்கும் 75 சென்டிமீட்டர். போட்டியில் இருந்தவை மூன்று: ஆறரை அங்குல வூஃபரும் (கீழ் சுரங்களுக்கான பெரிய கூம்பு) அதற்கு மேலே தனியாக ட்வீட்டரும் (மேல் சுரங்களுக்கான சின்னது) உள்ள வழக்கமான பெட்டி, ஐந்தேகால் அங்குல வூஃபரின் நடுவிலேயே ட்வீட்டர் பதிந்த கோஆக்சியல் பெட்டி, ஆம்ப்ளிஃபையரை வயிற்றுக்குள் வைத்திருக்கும் ஆக்டிவ் மானிட்டர். கடைசியில் கோஆக்சியலை வாங்கினேன். ஆகவே இதை நடுநிலைத் தீர்ப்பு என்று யாரும் எண்ண வேண்டாம்.

சத்தம் போதுமா என்பது இங்கே கேள்வியே அல்ல. இவ்வளவு அருகில் மூன்றும் தேவைக்கு மேல் ஒலிக்கும். பாஸ் எனப்படும் கீழ் சுரங்களின் விஷயத்தில் பெரிய பெட்டி இன்னும் கீழே இறங்கும் என்பது உண்மை. ஆனால் 3 மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் சுவர்கள் 57 ஹெர்ட்ஸ் அருகே தாமாகவே முழங்கும். பெரிய பெட்டி அந்த முழக்கத்துக்குத் தீனி போட்டது. பாஸ் கிடாரில் ஒரு சுரம் வரும்போது மட்டும் மேசை அதிர்ந்தது.

என் முடிவைத் தீர்மானித்தது நான் உட்காரும் லட்சணம். முதல் பாட்டுக்கு நிமிர்ந்து உட்காருவேன், மூன்றாவது பாட்டில் நாற்காலியில் சரிந்திருப்பேன். தலை சுமார் 15 சென்டிமீட்டர் இறங்கிவிடும். வழக்கமான பெட்டியில் ட்வீட்டரின் மையத்துக்கும் வூஃபரின் மையத்துக்கும் இடையே அதே 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நிமிர்ந்திருந்தபோது காதின் உயரத்தில் இருந்த ட்வீட்டர், வூஃபரைவிட ஒன்றரை சென்டிமீட்டர் கிட்டத்தில் இருந்தது. சரிந்ததும் வூஃபர் ட்வீட்டரைவிட ஒன்றரை சென்டிமீட்டர் கிட்டத்தில் வந்துவிடுகிறது. மொத்தம் 3 சென்டிமீட்டர் மாற்றம். இரண்டும் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் கிராஸ்ஓவர் இடம் 2,500 ஹெர்ட்ஸ் என்றால், அங்கே அலைநீளமே 14 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நிமிர்ந்த நிலையில் இரண்டின் அலைகளும் ஒத்திசைந்திருந்தால், சரிந்த நிலையில் அந்த இடத்தில் 2 டெசிபலுக்கு மேல் பள்ளம் விழும். எழுந்து நிற்கத் தொடங்கினால் பள்ளம் இன்னும் ஆழமாகும். இதே கணக்கை 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்து போட்டுப் பாருங்கள்: முக்கால் சென்டிமீட்டர்தான் வரும், காதுக்கு உறைக்காது. அருகில் உட்காருபவருக்கு மட்டும் விதிக்கப்பட்ட தண்டனை இது. கோஆக்சியலில் இரண்டுக்கும் மையம் ஒன்றே என்பதால் இந்த வித்தியாசம் எழாது.

கணக்கை நம்பாவிட்டால் காதை நம்பலாம். பிங்க் நாய்ஸ் எனப்படும் சீரான இரைச்சலை ஒரே ஒரு ஸ்பீக்கரில் ஓடவிட்டு, நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்திருங்கள். வழக்கமான பெட்டியில் இரைச்சலின் நிறம் மாறிக்கொண்டே போனது, யாரோ குழாய் ஒன்றை வாய்ப்பக்கம் கொண்டுவந்து விலக்குவதுபோல. கோஆக்சியலில் முழங்கால் நிமிரும்வரை பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பெண் குரலில் இன்னும் தெளிவு: வழக்கமான பெட்டியில் நான் சரிந்ததும் பாடகி ஓரடி பின்வாங்கினார், கோஆக்சியலில் நின்ற இடத்திலேயே நின்றார்.

கோஆக்சியல் புதுச் சரக்கு அல்ல. டேனாய் நிறுவனம் 1947லேயே இந்த அமைப்பைக் கொண்டுவந்துவிட்டது. கெஃப் நிறுவனம் 1988ல் யூனி-க்யூ என்று தன் வழியில் செய்தது. அதை வைத்து 2012ல் வந்த எல்எஸ்50 ஸ்பீக்கர்தான் மேசைப் பக்கம் பலரைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

கோஆக்சியலுக்கும் குறை உண்டு. வூஃபரின் கூம்பே ட்வீட்டருக்கு ஊதுகுழல் வாய்போல் அமைவதால், கூம்பு பெரிதாக முன்னும் பின்னும் ஆடினால் மேல் சுரங்களும் சேர்ந்து கலங்கும். கனமான பாஸை உரக்கக் கேட்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். நான் கேட்கும் அளவில், பேச்சுக் குரலுக்குச் சற்று மேல், அது எட்டிப் பார்க்கவில்லை. இன்னொன்று: காதை நேராகக் குறிவைத்துத் திருப்பியபோது மேல் பகுதி சற்றுக் கூர்மையாக இருந்தது. பத்துப் பதினைந்து டிகிரி வெளிப்பக்கம் திருப்பியதும் சரியாகிவிட்டது. மேசைப் பலகையில் பட்டுத் தெறிக்கும் ஒலியை மட்டும் எந்த வகையும் தானாகத் தீர்க்காது. அதற்குச் சின்ன ஸ்டாண்டு போட்டு உயர்த்தத்தான் வேண்டும்.

ஆக்டிவ் மானிட்டரை நண்பரிடம் இரவல் வாங்கி ஒரு வாரம் மட்டுமே வைத்திருந்தேன். தனி ஆம்ப்ளிஃபையர் வேண்டாம், மேசையில் இடம் மிச்சம், ஒலியும் நேர்மையானது. ஆனால் பாட்டு நின்றதும் ட்வீட்டரிலிருந்து மெல்லிய சீறல். அறையின் மறுகோடியில் கேட்காத சீறல், முக்கால் மீட்டரில் இரவு பதினோரு மணிக்கு நன்றாகவே கேட்டது. ஒரு மாடலை வைத்து மொத்த வகையையும் குறை சொல்வது நியாயமாகாது. ஆக்டிவும் கோஆக்சியலும் சேர்ந்தவை ஜெனலெக் நிறுவனத்திடம் உண்டு, அவற்றை மேசையில் வைத்துக் கேட்கும் வாய்ப்பு எனக்கு அமையவில்லை. பழுது பற்றிய தயக்கமும் எனக்கு இருந்தது. உள்ளே மின்சுற்று போனால் ஸ்பீக்கரே ஊமையாகிவிடும். தனி ஆம்ப்ளிஃபையர் போனால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

பழைய ஆறரை அங்குல ஜோடியை விற்கவில்லை. கூடத்தில், சோபாவிலிருந்து 3 மீட்டர் தள்ளி நிற்கிறது. அங்கே எவ்வளவு சரிந்து உட்கார்ந்தாலும் அதைக் குறை சொல்ல வாய் வரவில்லை.