கூகுள் ரீடருக்குப் பிறகு: செய்தியோடை வாசிப்பானும் புதுக் கருவிகளும்

பிடித்த தளங்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டித் தரும் செய்தியோடை வாசிப்பான் கூகுள் ரீடர். அது மூடப்படும் என்ற அறிவிப்பு 2013 மார்ச்சில் வந்தது. ஜூலை 1 அன்று அது நின்றுபோனது. இடையில் கிடைத்த மூன்றரை மாதங்களில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை, என் ஓடைப் பட்டியலை, அதாவது நான் தொடரும் தளங்களின் பட்டியலை, ஒரு கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டதுதான். அந்தக் கோப்பு இன்றும் என்னிடம் இருக்கிறது. அதன் பிறகு நான்கு வாசிப்பான்கள் மாறிவிட்டேன். ஒவ்வொரு முறையும் அந்தக் கோப்பைத் தூக்கிக்கொண்டுதான் புது வீட்டுக்குக் குடிபோயிருக்கிறேன்.

தொழில்நுட்பத் துறைச் செய்திகளைப் படிப்பதும் புதிதாக வரும் இணையக் கருவிகளை முயன்று பார்ப்பதும் எனக்கு நெடுநாள் பழக்கம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் வேறு வேறு பொழுதுபோக்குகள் போலத் தெரியும். என்னைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வேலை. எந்தக் கருவியை நம்பி என் எழுத்தையும் குறிப்புகளையும் ஒப்படைக்கலாம் என்று தெரிந்துகொள்ளத்தான் செய்தி படிக்கிறேன். அதனால் இந்த அனுபவத்தில் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் அந்தக் கோப்பு. அதன் வடிவத்துக்கு ஓ.பி.எம்.எல். என்று பெயர், 2000ஆம் ஆண்டில் வந்தது. சாதாரண உரைத் திருத்தி ஒன்றில் திறந்தாலே படித்துவிடலாம். ஒரு வரிக்கு ஒரு தளம்: தளத்தின் பெயர், ஓடையின் முகவரி, தளத்தின் முகவரி. அவ்வளவுதான். என் கோப்பில் இப்போது நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட வரிகள் இருக்கின்றன. மேலே இருப்பவை 2013க்கு முன்பு சேர்த்தவை. கீழே போகப் போக என் ஆர்வம் எப்படித் திசைமாறியது என்பது எனக்கே தெரிகிறது. ஒரு காலத்தில் கைப்பேசி பற்றிய தளங்களாகச் சேர்த்திருக்கிறேன். பிறகு தரவுத்தளம், பிறகு பாதுகாப்பு. இப்போது சேர்ப்பவற்றில் பெரும்பாலானவை தனிமனிதர்கள் எழுதும் சிறு தளங்கள்.

ஆர்.எஸ்.எஸ். ஓடை 1999இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிறந்தது. இன்று பரவலாகப் புழங்கும் 2.0 வடிவம் 2002இல் வந்தது. ஆட்டம் (Atom) என்ற இன்னொரு வடிவம் 2005இல் தரமாக வெளியானது. ஏற்பாடு மிக எளிமையானது. தளம் தன் புதிய பதிவுகளை ஒரு கோப்பில் எழுதி வைக்கிறது. வாசிப்பான் அவ்வப்போது போய் ‘ஏதாவது மாறியிருக்கிறதா?’ என்று கேட்கிறது. மாறவில்லை என்றால் ஒரு சிறு பதிலோடு திரும்பிவிடுகிறது. எதை முதலில் காட்டுவது என்று முடிவெடுக்க நடுவில் யாரும் இல்லை, காலவரிசை மட்டும்தான். பாட்காஸ்ட் கேட்பவர்கள் தெரிந்தோ தெரியாமலோ இதே ஏற்பாட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

நான்கு வாசிப்பான்களில் முதல் இரண்டைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. நன்றாக வேலை செய்தன, பிறகு எனக்குப் பொருந்தாமல் போயின. மூன்றாவதில் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் இருந்தேன். அதில் மெல்ல மெல்லப் ‘பரிந்துரைகள்’ நுழைந்தன. முதலில் ஓரத்தில் ஒரு பெட்டி. பிறகு பட்டியலின் தலையில். ஒருநாள் திறந்தபோது நான் தேர்ந்தெடுக்காத தளத்தின் பதிவு, நான் தேர்ந்தெடுத்தவற்றுக்கு நடுவே உட்கார்ந்திருந்தது. அன்று மாலையே பட்டியலை இறக்கிக்கொண்டு வெளியேறினேன். இப்போது மினிஃப்ளக்ஸ் என்ற திறமூல (மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) வாசிப்பானை என் சொந்த வழங்கியில் (சர்வரில்) ஓட்டுகிறேன். கோ (Go) என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. தரவு போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் இருக்கிறது. அலங்காரம் கிடையாது. விசைப்பலகையிலேயே ஒரு பதிவிலிருந்து அடுத்ததற்குத் தாவலாம். வேண்டாத தலைப்புகளை வடிகட்ட விதி எழுதி வைக்கலாம். வழங்கியைப் பராமரிக்கும் பொறுமை இல்லாதவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அவர்கள் இனோரீடர் போன்ற இணைய வாசிப்பான் ஒன்றில் தொடங்கலாம். கோப்பு கையில் இருக்கும்வரை எங்கே தொடங்கினாலும் குறையில்லை.

செய்தி படிக்கும் முறைக்கு வருகிறேன். டெக்மீம் தளத்தை நாளுக்கு ஒருமுறை பார்க்கிறேன். ஒரே நிகழ்வைப் பற்றிப் பல இதழ்கள் எழுதியதை ஒரு தலைப்பின் கீழ் அடுக்கிக் காட்டும் தளம் அது. 2005 முதல் இயங்குகிறது. தொழில்நுட்ப இணைப்புகளைப் பகிர்ந்து விவாதிக்கும் ஹேக்கர் நியூஸ் தளத்துக்குக் கட்டுரையை விட அதன் கீழே நடக்கும் விவாதத்துக்காகப் போகிறேன். கட்டுரையில் பேசப்படும் கருவியைக் கட்டியவரே சில நேரம் வந்து பதில் சொல்வார். ஆனால் உண்மையில் எனக்கு அதிகம் பயன்படும் செய்தி வேறு இடத்தில் கிடைக்கிறது. நான் பயன்படுத்தும் ஒவ்வொரு கருவியின் மாற்றப் பட்டியலையும் (ஒவ்வொரு பதிப்பிலும் என்ன மாறியது என்ற குறிப்பு) ஓடையாகச் சேர்த்திருக்கிறேன். மூலநிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் இருக்கும் திட்டம் என்றால் அதன் வெளியீட்டுப் பக்கத்துக்கே ஓர் ஆட்டம் ஓடை உண்டு. இது பலருக்குத் தெரிவதில்லை. பெரிய முதலீடு திரட்டியதாக ஒரு நிறுவனம் அறிவிப்பது தலைப்புச் செய்தியாகிறது. அதே நிறுவனத்தின் மாற்றப் பட்டியலில் எட்டு மாதமாக ஒரு வரிகூடச் சேராதது எந்த இதழிலும் வராது. எனக்கு இரண்டாவதுதான் முக்கியமான செய்தி.

இதனால் கிடைத்த பலனுக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ‘தி கிரேட் சஸ்பெண்டர்’ என்று குரோம் உலாவியில் சேர்த்துக்கொள்ளும் ஒரு நீட்சி இருந்தது. பயன்படுத்தாத தாவல்களை உறங்கவைத்து நினைவகத்தை மிச்சப்படுத்தும். நல்ல பெயரெடுத்த திறமூலக் கருவி. 2020இல் அதை உருவாக்கியவர் வேறொருவரிடம் கைமாற்றினார். நீட்சிக் கடையில் வெளியான பதிப்பும் கிட்ஹப்பில் இருந்த மூலநிரலும் ஒத்துப்போகவில்லை என்று அந்த ஆண்டின் இறுதியிலேயே பயனர்கள் எச்சரித்தார்கள். 2021 பிப்ரவரியில் தீநிரல் இருப்பதாகச் சொல்லி கூகுள் அதை நீக்கியது. அந்த எச்சரிக்கையை ஓடையில் படித்திருந்ததால் சில வாரங்களுக்கு முன்பே அதை அகற்றியிருந்தேன். அன்றிலிருந்து, ‘எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும்’ அனுமதி கேட்கும் நீட்சி எதுவானாலும், அது யார் கையில் இருக்கிறது என்று ஆண்டுக்கு இருமுறை பார்க்கிறேன்.

நிறுவனங்கள் கைமாறும் செய்தியையும் இப்படித்தான் படிக்கிறேன். டெலிஷியஸ் என்ற புத்தகக்குறித் தளத்தை யாகூ 2005இல் வாங்கியது. 2010 டிசம்பரில் அதைக் கைவிடும் திட்டம் கசிந்தது. பிறகு அது கைமாறிக் கைமாறி, 2017இல் பின்போர்டு என்ற இன்னொரு புத்தகக்குறித் தளம் வாங்கியபின் படிக்க மட்டுமே முடிகிற தளமாக நின்றது. போஸ்டரஸ் என்ற வலைப்பதிவுச் சேவையை ட்விட்டர் 2012 மார்ச்சில் வாங்கியது. 2013 ஏப்ரல் 30 அன்று அது மூடப்பட்டது. ஆம்னிவோர் என்ற வாசிப்புக் கருவியின் குழு 2024 அக்டோபர் இறுதியில் வேறொரு நிறுவனத்தில் சேர்வதாக அறிவித்தது. நவம்பரிலேயே சேவை நின்றது. கட்டுரைகளைப் பிறகு படிக்கச் சேமித்துவைக்கும் பாக்கெட் 2025 மே மாதம் அறிவித்து ஜூலை 8 அன்று விடைபெற்றது. அறிவிப்புக்கும் மூடலுக்கும் இடையே கிடைக்கும் அவகாசம் சில நேரம் ஓராண்டு, சில நேரம் இரண்டு மூன்று வாரம்தான். பயணத்திலோ மருத்துவமனையிலோ இருப்பவருக்கு அந்த மூன்று வாரம் போதுமா என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

வாங்கப்பட்டதெல்லாம் அழிந்துவிடுகிறது என்று சொன்னால் அது நியாயம் ஆகாது. ரைட்லி என்ற சிறு கருவியைக் கூகுள் 2006இல் வாங்கியது. அதுதான் கூகுள் டாக்ஸாக வளர்ந்து இன்றும் நிற்கிறது.

புதுக் கருவியை எப்படிச் சோதிக்கிறேன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் கூடுதலாகச் சில தொல்லைகள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் வரும் மதிப்புரைகள் அவற்றைத் தொடுவதே இல்லை.

முதல் நாளே கருவியின் வாசல் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன் கொல்லைப்புறக் கதவைத் திறந்து பார்க்கிறேன். ஒரு பக்கத்துக்குத் தமிழில் குறிப்பு எழுதுவேன். அதில் ஒரு படம், ஓர் அட்டவணை, ஓர் இணைப்பு இருக்கும். உடனே ஏற்றுமதி செய்து, வேறொரு மென்பொருளில் திறப்பேன். பாதிக் கருவிகள் இந்த இடத்திலேயே விழுந்துவிடும். இந்தப் பழக்கம் எனக்குச் சும்மா வரவில்லை. ஒரு குறிப்புக் கருவியில் இரண்டு ஆண்டுகள் எழுதிச் சேர்த்திருந்தேன். வெளியேறும்போதுதான் பி.டி.எஃப். தவிர வேறு எந்த வடிவத்திலும் அது தராது என்று தெரிந்தது. அந்த பி.டி.எஃபிலும் ‘செய்தி’ என்ற சொல்லில் கொம்பு சகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டுத் தரமான யூனிகோடில் கொம்பு மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. காட்டும்போது அதை முன்னால் கொண்டுவர வேண்டியது மென்பொருளின் பொறுப்பு. அந்தப் பொறுப்பை அது எடுத்துக்கொள்ளவில்லை. வெட்டி ஒட்டவும் வழியில்லாமல், முக்கியமான குறிப்புகளை மட்டும் பொறுக்கி மூன்று மாலைப்பொழுதுகள் உட்கார்ந்து மறுபடி தட்டினேன். மற்றவை போனவை போனவைதான். அவற்றில் ஒரு நண்பருடன் பேசி எழுதிய நீண்ட குறிப்பும் ஒன்று. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

இரண்டாவது, தேடல். ‘கொ’ என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துடன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒன்று. ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்ப்பது மற்றொன்று. இரண்டும் சமம் என்று யூனிகோடு தரமே சொல்கிறது. கண்ணுக்கும் ஒரே எழுத்துதான். ஆனால் தேடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராத கருவியில், ‘கொடி’ என்று தேடினால் கண்முன்னே இருக்கும் ‘கொடி’ அகப்படாது. ஆகவே என் சோதனைக் குறிப்பில் இரண்டு விதக் ‘கொடி’யும் இருக்கும். கூடவே ‘பாடத்தை’, ‘பாடத்தில்’ ஆகிய சொற்களும் இருக்கும். ‘பாடம்’ என்று தேடினால் இவை வரும் என்று எந்தக் கருவியிடமும் எதிர்பார்ப்பதில்லை. ‘பாட’ என்று தேடும்போதாவது வந்தால் அது எனக்குப் போதும். முழுச் சொல்லாக மட்டும் பொருத்திப் பார்க்கும் கருவி தமிழுக்கு ஆகாது.

மூன்றாவது, அளவு. யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யு.டி.எஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்றால் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ‘கொ’ ஒன்றுக்கே குறைந்தது ஆறு. தலைப்பின் நீளத்தைப் பைட்டுக் கணக்கில் கட்டுப்படுத்தும் கருவியில், தமிழ்த் தலைப்பு பாதியில் வெட்டுப்பட்டுக் கடைசியில் ஒரு புள்ளிவட்டமோ கேள்விக்குறியோ நிற்கும். இதை உருவாக்கியவர்களுக்கு எழுதினால் பெரும்பாலும் திருத்திவிடுகிறார்கள். ஒருமுறை நான் அனுப்பிய இரண்டு வரித் தமிழ் எடுத்துக்காட்டைத் தங்கள் சோதனைத் தொகுப்பிலேயே சேர்த்துக்கொண்டதாகப் பதில் வந்தது. அன்று முழுக்க மகிழ்ச்சியாக இருந்தேன். குறை கண்டால் அமைதியாக விலகிப் போகாமல், எழுதிச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நாம் சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை.

இவற்றைத் தாண்டி நிற்கும் கருவிக்கு இரண்டு வாரம் கொடுக்கிறேன். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். எதற்காக எடுத்தேன், எதற்கு மாற்றாக எடுத்தேன் என்று ஓர் உரைக்கோப்பில் தேதியோடு எழுதிவிடுவேன். மாற்றாக எதையும் எழுத முடியவில்லை என்றால் அந்தக் கருவி எனக்குத் தேவையில்லை என்று அப்போதே தெரிந்துவிடும்.

2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வந்தபின் புதிதாக வருபவற்றில் பெரும்பகுதி செயற்கை நுண்ணறிவு சார்ந்தவை. ஓடையில் வரும் பதிவுகளைச் சுருக்கித் தரும் வசதியை ஆறு மாதம் பயன்படுத்திப் பார்த்தேன். செய்தியின் சாரம் பெரும்பாலும் சரியாகவே வந்தது. ஆனால் ‘நிறுவனம் திட்டமிட்டிருக்கிறது’ என்பது சுருக்கத்தில் ‘நிறுவனம் செய்கிறது’ என்று ஆகிவிட்ட இடங்கள் பல. என் வேலைக்கு அந்த ஒரு வினைச்சொல்தான் உயிர். ஆதலால் சுருக்கத்தை நிறுத்திவிட்டேன். எனக்குத் தெரியாத மொழிகளில் வரும் பதிவுகளை மொழிபெயர்த்துப் படிக்க மட்டும் வைத்திருக்கிறேன். அதற்கு மிகவும் உதவுகிறது.

கடந்த மாதம் ஓடைப் பட்டியலைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். முகவரியே இல்லாமல் போன பதினோரு தளங்களை நீக்கினேன். உயிரோடு இருந்தும் நெடுநாளாக எழுதப்படாத தளங்களை, எப்போதும்போல, அப்படியே விட்டுவிட்டேன். அவை இருப்பதால் எனக்கு எந்தச் சுமையும் இல்லை. வாசிப்பான் போய்க் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பும், அவ்வளவுதான். சென்ற வாரம் அவற்றில் ஒன்றிலிருந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பதிவு வந்தது. தரவுத்தளங்களைப் பற்றி மிகத் தெளிவாக எழுதிவந்தவர். இடையில் உடல்நலம் குன்றியிருந்ததாகவும் இப்போது தேறிவிட்டதாகவும் முதல் பத்தியில் எழுதியிருந்தார். இரண்டாம் பத்தியிலிருந்து, விட்ட இடத்திலேயே, அட்டவணைக் குறியீடுகளைப் பற்றித் தொடங்கியிருந்தார். காலை ஆறு மணிக்கு அது என் பட்டியலின் தலையில் இருந்தது.