ரவுட்டருக்கான 12 வோல்ட் மினி யுபிஎஸ்: கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கு வாங்கலாமா?

கரன்ட் போனாலும் நெட் நிற்கக் கூடாது என்பவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் கரன்ட் இருக்கும்போதே ரவுட்டர் தானாக அணைந்து அணைந்து எரிகிறதென்றால், ஆயிரத்துக்கு மேல் கொடுத்து இதை வாங்குவது வீண். அந்தக் கோளாறு பெரும்பாலும் அடாப்டரில்தான் இருக்கும்.

அடாப்டரைத் தனியாகக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தால், கெட்டுப்போன அடாப்டரும் 12 வோல்ட் காட்டலாம். லோடு ஏறும்போதுதான் வோல்ட்டேஜ் விழும். ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் டிசி ஒயர் ஒன்றைப் போட்டு, ரவுட்டர் ஓடும்போதே மறுமுனையில் அளக்க வேண்டும். 11.4-க்குக் கீழே இறங்கினால் அடாப்டரை மாற்றிவிடுங்கள். உள்ளே எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் காய்ந்திருக்கலாம். தேவனாம்பட்டினம், தாழங்குடா, வைத்திக்குப்பம் மாதிரி கடலோரத்தில் இருப்பவர்கள் ஜாக்கையும் லேன் போர்ட்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். உப்புக் காற்றில் களிம்பு ஏறியிருந்தால், பவரை எடுத்துவிட்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு செருகுங்கள்.

இத்தனைக்கும் பிறகு யுபிஎஸ் வேண்டுமென்றால், பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எம்ஏஎச் எண்ணை நம்பி எடுக்காதீர்கள். அது 3.7 வோல்ட் செல்களின் கணக்கு. வாட்-அவரை, அதாவது எத்தனை வாட் எத்தனை மணி நேரம் தரும் என்ற கணக்கைப் பாருங்கள். 2,000 எம்ஏஎச் செல் மூன்று இருந்தால் சுமார் 22 வாட்-அவர். ரவுட்டரும் ஓஎன்டியும் (ஃபைபர் லைன் வந்து சேரும் பெட்டி) சேர்ந்து 12 வாட் இழுத்தால், விரயம் போக ஒன்றரை மணி நேரம் தாங்கும். நான்கு மணி நேரம் என்று சொல்லி விற்பதெல்லாம் 5 வாட் இழுக்கும் சின்ன ரவுட்டர் ஒன்றுக்குத்தான் பொருந்தும்.

அதைவிட முக்கியம் அவுட்புட். மலிவான பெட்டிகளில் செல் வோல்ட்டேஜ் அப்படியே வெளியே வரும்: முழு சார்ஜில் 12.6, தீரும் நேரத்தில் 9-ஐ நெருங்கும். அந்தக் கடைசிக் கட்டத்தில் ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கும். ரெகுலேட்டட் 12 வோல்ட் (வோல்ட்டேஜ் இறங்காமல் சீராக வரும்) என்று போட்டிருப்பதற்குக் கூடுதலாகக் கொடுப்பது நியாயமான செலவு. உங்கள் ரவுட்டரின் அடியில் 9 வோல்ட் என்று இருந்தால் 12 வோல்ட் பெட்டியைச் செருகவே கூடாது.

பிளக்கின் அளவில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 5.5 × 2.1, 5.5 × 2.5 மில்லிமீட்டர் இரண்டும் வெளியே பார்க்க ஒன்றுதான். 2.5 பிளக்கை 2.1 ஜாக்கில் போட்டால் லூசாக நிற்கும், கை பட்டாலே நெட் போகும். இன்னொன்று, ரவுட்டரோடு வந்த 1 ஆம்பியர் அடாப்டரையே யுபிஎஸ்ஸுக்குக் கொடுக்காதீர்கள். கரன்ட் திரும்பியதும் ரவுட்டரையும் ஓட்டி, செல்லையும் சார்ஜ் செய்ய அதற்குத் தெம்பு போதாது, கொதிக்கும். 2 ஆம்பியர் போடுங்கள். பெட்டியை ரவுட்டர் மேல் அடுக்காமல் தள்ளி வையுங்கள். சூட்டில் லித்தியம் செல் சீக்கிரம் தேயும்.

வாங்குமுன் கேபிள்காரரிடம் ஒன்று கேளுங்கள்: அவருடைய மெஷின் இருக்கும் இடத்தில் பேட்டரி இருக்கிறதா? ஃபைபர் லைனில் நடுவே லைனைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரன்ட் தேவையில்லை. ஆனால் சில தெருக்களில் கம்பத்துப் பெட்டிக்குள் கரன்ட்டில் ஓடும் நெட்வொர்க் ஸ்விட்ச் வைத்திருப்பார்கள். அது அணைந்தால் உங்கள் யுபிஎஸ்ஸுக்கு வேலையே இல்லை. கரன்ட் போன நேரத்தில், அதே கேபிள்காரரின் லைனும் இன்வெர்ட்டரும் இருக்கும் பக்கத்து வீட்டு ஓஎன்டியைப் பாருங்கள். லைன் வருவதைக் காட்டும் பான் (PON) லைட் பச்சையாக நின்றால் வாங்கலாம். சிக்னல் இல்லை என்று காட்டும் லாஸ் (LOS) லைட் சிவப்பாக மின்னினால் வேண்டாம். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் மாதிரி புயல் நாட்களுக்கும் இந்த மினி யுபிஎஸ் தாங்காது.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் மாறும் நொடியில் ரவுட்டர் அணைகிறதா? இன்வெர்ட்டரின் பின்புற ஸ்விட்ச்சை யுபிஎஸ் மோடுக்கு மாற்றுங்கள். அப்போதும் அணைந்தால் அடாப்டரை மாற்றுங்கள். மினி யுபிஎஸ் உங்களுக்குத் தேவைப்படாது.