வாட்ச்மேனா, ஏஎம்சியா, வெளி ஆடிட்டா: அடுக்ககத் தீயணைப்புச் சோதனையை யாரிடம் விடுவது?

அசோசியேஷன் கூட்டத்தில் தீயணைப்பு பற்றிப் பேச்சு வந்தால் இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடும். "ஏஎம்சி இருக்குல்ல?" "இருக்கு சார்." அவ்வளவுதான், ஏஎம்சி என்கிற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் இருந்தால் போதும் என்று அடுத்து லிஃப்ட் பிரச்சினைக்குத் தாவிவிடுவார்கள்.

ஒரு சென்னை அடுக்ககத்தை எடுத்துக்கொள்வோம். பத்து மாடி, பேஸ்மென்ட் பார்க்கிங், தரைக்கடியில் தொட்டி, பம்ப் ரூம், மாடிக்கு மாடி ஹைட்ரண்ட் (தீயணைப்பு ஹோஸை மாட்டும் குழாய்), பார்க்கிங்கில் ஸ்ப்ரிங்க்ளர் (தீச்சூட்டில் தானாகத் தண்ணீர் தெளிப்பது). தமிழ்நாட்டு விதிப்படி 18.30 மீட்டரைத் தாண்டினாலே அது உயரக் கட்டடம். தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். சான்று வாங்கும் நாளில் எல்லாம் ஓடும். அதற்கப்புறம் ஓடுகிறதா என்று பார்க்க மூன்று வழிகள் உண்டு: நம் வேலையாட்கள், ஆண்டு ஒப்பந்தக்காரர், எதையும் விற்காத வெளி ஆடிட்டர்.

மூன்றில் யாரும் மதிக்காதது முதல் வழிதான். "வாட்ச்மேனுக்கு என்ன தெரியும்?" என்று கேட்பார்கள். ஆனால் நான் பார்த்த பழுதுகளில் முக்கால்வாசி பெரிய தொழில்நுட்ப விஷயமே இல்லை. கசிகிறது என்று மூடிய வால்வை யாரும் திரும்பத் திறக்கவில்லை. ராத்திரியில் பம்ப் சத்தம் போடுகிறது என்று பேனலில் ஆட்டோவை மேனுவலுக்குத் திருப்பிவிட்டார்கள். டீசல் இன்ஜின் பேட்டரி இறங்கிக் கிடக்கிறது. ஹோஸ் பெட்டியில் இருந்த பித்தளை நாசில் பழைய சாமான் கடைக்குப் போய்விட்டது. இதையெல்லாம் கண்டுபிடிக்க இன்ஜினியர் தேவையில்லை. வாரம் ஒருமுறை யாராவது கீழே இறங்கிப் போய்ப் பார்த்தால் போதும்.

பம்ப் சோதனையையே பாருங்கள். ஹெட்டரில், அதாவது பம்புகள் எல்லாம் சேரும் பெரிய குழாயில், தண்ணீரை வெளியே விடும் வால்வை மெல்லத் திறந்தால் அழுத்தம் காட்டும் கேஜ் முள் இறங்கும். முதலில் ஜாக்கி பம்ப், அதாவது சின்னக் கசிவை ஈடுகட்டும் குட்டி பம்ப், கிளம்ப வேண்டும். இன்னும் திறந்தால் ஜாக்கியால் ஈடுகொடுக்க முடியாமல் முள் மேலும் இறங்கும். அப்போது மெயின் மின்பம்ப் தானாக ஓட வேண்டும். பிறகு மெயினை நிறுத்தி, அதன் சுவிட்சை அணைத்துவிட்டு மறுபடி அழுத்தத்தை இறக்கினால் டீசல் பிடிக்க வேண்டும். ஒவ்வொன்றும் எந்த அழுத்தத்தில் கிளம்பியது என்று நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். ஜாக்கி தானாக நிற்கும். மற்ற இரண்டும் ஆள் போய் நிறுத்தும்வரை ஓடினால்தான் சரி, தீ எரியும்போது பம்ப் பாட்டுக்கு நின்றுவிடக் கூடாது அல்லவா? கடைசியில் எல்லா சுவிட்சும் ஆட்டோவுக்குத் திரும்பிவிட்டதா என்று இன்னொருவர் பார்க்க வேண்டும். சோதனை செய்தவரே மெயினை ஆஃபில் விட்டுவிட்டுப் போவது உண்டு.

டீசல் இன்ஜினை வாரம் 30 நிமிடம் ஓட்டச் சொல்கிறது அமெரிக்காவின் என்எஃப்பிஏ 25 விதி. நம் ஊரில் ஐந்து நிமிடம் உறுமவிட்டு அணைத்துவிடுகிறார்கள். கேட்டால் டீசல் செலவாம். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகும் தாங்குமா என்பது அந்த ஐந்து நிமிடத்தில் தெரியாது.

இந்த வழியின் பலவீனமும் வெளிப்படைதான். செக்யூரிட்டி ஏஜென்சி மாறினால் பழகிய ஆளும் போய்விடுவார். யாரும் பார்க்கவில்லை என்றால் ஒரே நாளில் நாலு வாரத்துக்கும் டிக் விழும். ஸ்மோக் டிடெக்டர், அலாரம் பேனல், தீயணைப்பு சிலிண்டரின் ஹைட்ரோ டெஸ்ட் (நீரழுத்தச் சோதனை) எல்லாம் அவர்களால் ஆகாத வேலை.

அங்கேதான் ஏஎம்சி தேவைப்படுகிறது. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருபவர் என்ன செய்துவிட்டுப் போகிறார் என்று ஒருநாள் கூடவே நடந்து பாருங்கள். துடைப்பார், ஸ்டிக்கர் ஒட்டுவார், கையெழுத்து கேட்பார். பவுடர் சிலிண்டரில் கேஜ் இருக்கிறது. முள் பச்சையில் நிற்பதை நீங்களே பார்க்கலாம். சிஓ2 சிலிண்டரில் கேஜ் கிடையாது. எடை போட்டால்தான் தெரியும்: காலி எடை சிலிண்டரிலேயே பொறித்திருக்கும், உள்ளே இருக்க வேண்டிய வாயுவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் திரும்ப நிரப்ப வேண்டும். ஆகவே தராசு கொண்டுவராமல் வந்தவர் சிஓ2 மேல் ஒட்டிய ஸ்டிக்கருக்கு அர்த்தமே இல்லை. டிடெக்டருக்கும் இதே கதைதான். விளக்கு மினுக்குகிறது என்றால் மின்சாரம் வருகிறது என்று மட்டும்தான் பொருள். சோதனைப் புகையை அதற்குள் அடித்துப் பேனலில் சரியான மாடியின் பெயர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்ப்ரிங்க்ளர் குழாயின் கடைசி முனையில் இருக்கும் டெஸ்ட் வால்வைத் திறந்தால் ஒன்றரை நிமிடத்துக்குள் மணி அடிக்க வேண்டும்.

ஏஎம்சியில் எனக்கு இருக்கும் பெரிய உறுத்தல் வேறு. பழுதைக் கண்டுபிடிப்பவரும் பாகத்தை விற்பவரும் ஒருவரே. பாகமும் சேர்ந்த ஒப்பந்தம் என்றால் பழுது அவர் கண்ணில் படாது. கூலி மட்டும் என்றால் எல்லாமே பழுதாகத் தெரியும். மகாராஷ்டிரத்தில் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிமம் பெற்ற நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், 'பி' படிவத்தில் சான்று தர வேண்டும். தேதி கட்டாயம் என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் பராமரிக்கிற நிறுவனமே சான்றும் தந்தால் உறுத்தல் அப்படியே இருக்கிறது.

அப்புறம் வெளி ஆடிட். ஆடிட்டர் வருகிறார் என்று தெரிந்தால் முந்தின நாளே பம்ப் ரூமுக்குப் பெயின்ட் அடித்துவிடுவோம், அது இருக்கட்டும். மற்ற இருவரும் தொடாத ஒன்றை அவரிடம் கேட்டு வாங்கலாம்: மொட்டை மாடிக்குப் போய், உச்சி ஹைட்ரண்டைத் திறந்து, தண்ணீர் பாயும்போது அழுத்தத்தை அளப்பது. அங்கே சதுர சென்டிமீட்டருக்குக் குறைந்தது 3.5 கிலோ இருக்க வேண்டும். கீழே பம்ப் ரூம் கேஜ் எவ்வளவு காட்டினாலும் அது மாடிக் கணக்குக்கு உதவாது.

1991 பிப்ரவரி 23 அன்று பிலடெல்ஃபியாவில் 38 மாடி மெரிடியன் பிளாசா எரிந்தபோது இதுதான் நடந்தது. தீ 22-ஆம் மாடியில் தொடங்கியது. ஹைட்ரண்ட் குழாய்களில் அழுத்தம் குறைக்கும் வால்வுகளைத் தவறான அளவில் வைத்திருந்ததால் வீரர்களின் ஹோஸில் போதிய வேகம் இல்லை. மூன்று வீரர்கள் இறந்தார்கள். 19 மணி நேரம் எரிந்த அந்தத் தீயை நிறுத்தியது 30-ஆம் மாடியில் இருந்த பத்து ஸ்ப்ரிங்க்ளர்கள். அங்கே வால்வு இல்லாமல் இல்லை, இருந்தது. யாராவது மாடியில் ஒருமுறை தண்ணீரை ஓடவிட்டு அளந்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் நான் நம் ஆட்களைப் பழக்குவதற்குச் செலவழிப்பேன். ஏஎம்சி மட்டும் போதும் என்று இருப்பதுதான் மூன்றிலும் மோசம். காசு இருந்தால்: வாரச் சோதனை எலக்ட்ரீஷியனிடம், கையெழுத்து கமிட்டி உறுப்பினர் ஒருவருடையது. ஏஎம்சி கூலி மட்டும், தராசும் சோதனைப் புகையும் கொண்டுவர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி. ஆடிட் ஆண்டுக்கு ஒருமுறை, ஏஎம்சிக்காரரோடு தொடர்பில்லாத ஆளிடம். மருத்துவமனை, பள்ளி, ஜவுளிக்கடை என்றால் ஆடிட்டை நான் அவரவர் இஷ்டத்துக்கு விடமாட்டேன், கட்டாயம்தான். மூன்று மாடி, பம்பே இல்லாத சின்னக் கட்டடமா? சிலிண்டர்களை மட்டும் ஒழுங்காக எடை போட்டு நிரப்பி வையுங்கள், ஆடிட்டருக்குக் கொடுக்கும் பணத்தில் மாடிப்படியில் அடைத்திருக்கும் பழைய சோபாவை அப்புறப்படுத்துங்கள்.