இரண்டு ஜோஷ்கள், ஒரே மாதிரி முதல் ஆண்டு

எறிந்த பந்துகளில் 52.8 சதவீதம் சக வீரர் கையில் சேர்ந்தது. 10 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்த்துப் புள்ளி எடுப்பது), 12 இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடித்துக்கொள்வது). இன்னொருவருக்கு 55.2 சதவீதம், 11 டச்டவுன், 14 இன்டர்செப்ஷன். இரண்டுமே 2018-இல் அமெரிக்கக் கால்பந்தின் பெரிய லீகான என்எஃப்எல்லுக்கு வந்த இளம் குவார்டர்பேக்குகளின், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்களின், முதல் ஆண்டுக் கணக்கு. முதலாமவர் பஃபலோ பில்ஸின் ஜோஷ் ஆலன், அடுத்தவர் அரிசோனா கார்டினல்ஸின் ஜோஷ் ரோசன். இவர்களில் யார் பெரிய ஆளாவார் என்று பெயரை மறைத்துவிட்டுக் கேட்டிருந்தால் நான் ரோசனைத்தான் காட்டியிருப்பேன்.

கல்லூரி வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் சமயத்திலும் ரோசன்தான் 'தயாரான' ஆள். யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் ஆடியவர், பந்து கையை விட்டுப் போகும் விதமே கண்ணுக்கு அழகு. ஆலன் கலிபோர்னியாவின் ஃபயர்பா ஊர் விவசாயக் குடும்பத்துப் பையன். ஜூனியர் காலேஜில் ஆடி, அப்புறம் வயோமிங் பல்கலைக்கழகம் போனவர். அங்கேயும் 56 சதவீதம்தான். கல்லூரியில் குறி தவறுகிறவர் என்எஃப்எல்லில் திருந்தமாட்டார் என்பது அப்போது பலருடைய கணிப்பு. பெரும்பாலும் அது சரியாகவும் இருந்திருக்கிறது.

அப்படியானால் ஆலனிடம் எதைப் பார்த்திருக்க வேண்டும்? தவறின் வகையை. 2018-இல் மினசோட்டாவுக்கு எதிரான ஆட்டத்தில் பந்தோடு ஓடியவர், எதிரே வந்த ஆன்டனி பாரை அப்படியே தாண்டிக் குதித்தார். அதே மனிதர் 2020 ஜனவரியில், ஹூஸ்டனுடனான பிளேஆஃப் என்ற நாக்அவுட் ஆட்டத்தில், எதிரணியினர் தன்னைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போதே பந்தைப் பக்கவாட்டில் சக வீரர் டாசன் நாக்ஸை நோக்கி வீசினார். 16-0 என்று முன்னிலையில் இருந்த ஆட்டம் 22-19 என்று கைநழுவியது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: ஆட்டம் முடிந்துவிட்டது என்று ஒப்புக்கொள்ளாத குணம். அதை அடக்கப் பழக்கலாம். இல்லாதவருக்கு ஊட்டுவதுதான் கஷ்டம். குறி தவறுவதிலும் பெரும்பகுதி காலை வைக்கும் விதத்திலும் இடுப்பு திரும்பும் விதத்திலும் இருந்தது. அதற்காக ஜோர்டன் பால்மரிடம் பயிற்சி எடுத்தார். 2020-இல் 69.2 சதவீதம், 37 டச்டவுன். 2024 பருவத்தில் லீகின் மிகச் சிறந்த வீரருக்கான எம்விபி விருது.

ஆனால் இதை ஆலனின் உழைப்புக் கணக்கில் மட்டும் எழுதிவிட எனக்கு மனமில்லை. பில்ஸ் அவருக்கு முதல் நான்கு ஆண்டும் பிரையன் டேபோல் என்ற ஒரே தாக்குதல் பயிற்சியாளரைக் கொடுத்தது. 2020-இல் எறியும் பந்தைப் பிடிப்பதற்கு ஸ்டெஃபன் டிக்ஸை வாங்கி வந்தது. அவர் அந்த ஆண்டே 127 பந்துகளைப் பிடித்தார். ரோசனுக்கோ முதல் பருவத்தின் பாதியிலேயே தாக்குதல் பயிற்சியாளர் போனார், பருவம் முடிந்ததும் தலைமைப் பயிற்சியாளரும் போனார். 3 வெற்றி, 13 தோல்வி என்று முடித்த கார்டினல்ஸ், 2019-இல் டிராஃப்டின் முதல் தேர்வாக கைலர் மர்ரே என்ற இன்னொரு குவார்டர்பேக்கை எடுத்துவிட்டு இவரை மயாமிக்குத் தள்ளியது. அங்கே மூன்றே ஆட்டங்களில்தான் தொடக்க வீரர்.

சரி, ரோசனைப் பில்ஸில் போட்டிருந்தால் ஆலன் ஆகியிருப்பாரா? நான் நம்பவில்லை. பாக்கெட், அதாவது சக வீரர்கள் சுற்றி நின்று தரும் காப்பு, உடைந்ததும் ஓடித் தப்பிக்கும் கால் அவருக்கு இல்லை. ஆலன் முதல் ஆண்டிலேயே 631 யார்டு ஓடியவர். ஆனாலும் நல்லதொரு குவார்டர்பேக் ஆகியிருக்கலாம். அதே டிராஃப்டில் மூன்றாவதாகப் போன சாம் டார்னல்டைப் பாருங்கள். நியூயார்க் ஜெட்ஸ் அணியில் மூன்று ஆண்டு தடுமாறினார். 2024-இல், கெவின் ஓகானல் பயிற்சியாளராக இருந்த மினசோட்டாவில், 35 டச்டவுன் எறிந்து அணிக்கு 14 வெற்றி கொடுத்தார். அப்போது அவருக்கு வயது 27.