எலியை அடைத்து வைப்பதா, அலைக்கழிப்பதா?

பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் விலங்கியல் படிக்கும் பிள்ளைகளில் சிலர் செமினாருக்கு “நாள்பட்ட மன அழுத்தமும் நினைவாற்றலும்” என்று தலைப்பு எடுப்பதுண்டு. “சார், எலிக்கு எப்படி டென்ஷன் குடுப்பாங்க?” என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. சரியான கேள்வி. எந்த வழியில் கொடுத்தார்கள் என்பதைப் பொறுத்து மூளையில் கிடைக்கும் விடையே மாறிவிடுகிறது.

முதல் வழி, அடைத்து வைப்பது. காற்றோட்டமுள்ள ஒரு குழாயில் எலியைத் தினமும் 6 மணி நேரம், 21 நாட்கள் வைப்பார்கள். நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் மெக்கீவன் குழு இதை வைத்துத்தான் பெரிய உண்மையைக் காட்டியது. நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸில், சிஏ3 என்ற உட்பகுதியின் நரம்பணுக்களின் கிளைகள் சுருங்கிப்போகின்றன. எட்டுக் கை கொண்ட புதிர்ப்பாதையில் இரை தேடும்போது அந்த ஆண் எலிகள் கூடுதலாகத் தவறு செய்தன. பெண் எலிகளின் இட நினைவு அப்படிக் கெடவில்லை. ஆண் எலியை மட்டும் பார்த்துவிட்டு ‘எலி’ என்று பொதுவாக எழுதக் கூடாது. இந்த வழிக்கு ஒரு குறையும் உண்டு: நாள் போகப் போக எலி குழாய்க்குப் பழகிவிடும், கார்டிகோஸ்டிரோன் என்ற அழுத்த ஹார்மோனின் சுரப்பும் குறையும்.

இரண்டாவது வழி அந்தப் பழக்கத்தை உடைக்கப் பார்க்கிறது. இன்று கூண்டைச் சாய்ப்பார்கள், நாளை படுக்கையை நனைப்பார்கள், அப்புறம் ஒரு ராத்திரி முழுக்க விளக்கு எரியும். அடுத்து என்ன வரும் என்று எலிக்குத் தெரியாது. முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் வீட்டில், அடுத்த வாரம் எத்தனை நாள் வேலை இருக்கும் என்று தெரியாமல் இருப்பதைப் போன்ற அழுத்தம் இது. மனித வாழ்க்கைக்கு இதுதான் நெருக்கம் என்று எனக்கும் படுகிறது. ஆனால் 1987இல் பால் வில்னர் குழு இந்த முறையில் அளந்தது, எலிக்குச் சர்க்கரைத் தண்ணீரில் நாட்டம் குறைகிறதா என்பதைத்தான். மனச்சோர்வை ஆராய வந்த முறை இது, நினைவை ஆராய அல்ல. ஆய்வகத்துக்கு ஆய்வகம் செய்முறையும் மாறும்.

இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தது நம் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்த்ரா சட்டர்ஜி குழு. 2002இல் வெளிவந்த அந்த ஆய்வில், தினம் 2 மணி நேரம், 10 நாட்கள் அசையவிடாமல் வைத்த எலிகளில் ஹிப்போகாம்பஸ் கிளைகள் சுருங்கின. பயத்தைக் கவனிக்கும் அமிக்டலாவிலோ கிளைகள் வளர்ந்தன. முன்னறிவில்லாமல் அலைக்கழித்த எலிகளின் சிஏ3 அணுக்களில் பெரிதாக மாற்றமே இல்லை. 2004இல் இன்னொன்றும் சொன்னார்கள்: 21 நாள் ஓய்வு கொடுத்தால் ஹிப்போகாம்பஸ் மீள்கிறது, அமிக்டலாவின் வளர்ச்சி அப்படியே நிற்கிறது. அழுத்தம் போன பிறகும் பயம் ஏன் போவதில்லை என்று கேட்பவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

ஆகவே நினைவைப் பற்றிப் பேசுவதானால் அடைத்து வைக்கும் ஆய்வுகளை முதலில் எடுங்கள் என்பேன். சோர்வையும் ஆர்வமிழப்பையும் பற்றிப் பேசுவதானால் இரண்டாவது. எதை எடுத்தாலும், எலி ஆணா பெண்ணா, வயது என்ன, அழுத்தம் முடிந்து எத்தனை நாள் கழித்துச் சோதித்தார்கள் என்ற மூன்றையும் கட்டுரையில் தேடிக் குறித்துக்கொண்டு மேடை ஏறுங்கள்.