மார்கழிக் கச்சேரிக்குச் சென்னை போகிறீர்களா? மதியமே போய்விடுங்கள்

டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் சென்னைக்கென்று சில நாட்களை ஒதுக்கிக் கர்நாடக சங்கீதக் கச்சேரி கேட்டுவிட்டு வாருங்கள். நான் மெல்போர்னிலிருந்து திருச்சிக்குப் போய், அம்மாவையும் அழைத்துக்கொண்டு சென்னைக்கு ரயிலேறினேன். பாட்டில் எந்தக் குறையும் இல்லை. டிக்கெட் வாங்குவதுதான் பெரும்பாடு.

டிக்கெட் விற்கும் ஒரு இணையதளத்தில் என் ஆஸ்திரேலிய கார்டு கடைசிப் பக்கம் வரை போய் நின்றுவிட்டது. தொலைபேசியில் கேட்டால், இந்திய மொபைல் எண் இல்லாமல் முடியாது என்றார்கள். கடைசியில் தம்பி யூபிஐயில் பணம் கட்டினான். உலகம் முழுக்க ரசிகர்கள் இருக்கும் ஒரு விழாவுக்கு இப்படி ஒரு தடை இருக்கவே கூடாது. வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்ஆர்ஈ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்கள் ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், பிரிட்டன் போன்ற சில நாடுகளின் எண்ணிலேயே யூபிஐ பெறலாம். ஆனால் எல்லா வங்கியிலும் கிடைக்காது, கிளம்பும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

நேரில் வாங்கியபோது அனுபவம் வேறு. மாலைக் கச்சேரிக்கு ஒரு சபாவின் கவுன்ட்டரில் நின்றோம். உள்ளே இருந்த பெரியவர் அம்மாவின் கைத்தடியைப் பார்த்தார். "பால்கனி வேண்டாம்மா, படி நிறைய. கீழேயே ஓரமா ஒரு சீட் இருக்கு, கால நீட்டிக்கலாம்" என்று சொல்லி, எனக்கும் பக்கத்திலேயே இடம் பார்த்துக் கொடுத்தார். கழிப்பறைக்கு எந்தக் கதவு வழியாகப் போனால் படி இல்லை என்பதையும் அவரே சொன்னார்.

அந்த மாலைக் கச்சேரியில் தனி ஆவர்த்தனம், அதாவது மிருதங்கம் தனியாக வாசிக்கும் பகுதி, தொடங்கியதுமே வரிசை வரிசையாக எழுந்து கேன்டீனுக்குப் போனார்கள். மிருதங்கக்காரர் கண்ணெதிரே அரங்கம் காலியாவதைப் பார்க்க எனக்கு மனசு ஆறவில்லை. அந்த நேரத்தில் சபாக்கள் கதவைச் சாத்தினால்கூடத் தப்பில்லை.

மதியக் கச்சேரி அப்படி இல்லை. பெரும்பாலான சபாக்களில் அதற்குக் கட்டணமும் கிடையாது. தி. நகரில் ஓர் இளம் பாடகி தோடி ராகத்தை எடுத்துக்கொண்டு அவசரமே இல்லாமல் பாடினார். காந்தார ஸ்வரத்தில் அவர் நின்று அசைத்த இடத்தை வயலின் அப்படியே வாங்கித் திருப்பித் தந்தபோது, பாடகி முகம் மலர்ந்து தலையாட்டினார். எங்களுக்கு முன்வரிசையில் வயதானவர்கள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். தனி முடிகிற வரை ஒருவரும் எழவில்லை. அம்மா கீர்த்தனையைக் கூடவே முணுமுணுத்தார். பெரிய பெயர்களை மட்டும் குறிவைத்து வருபவர்கள் இதைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

அப்புறம், போக்குவரத்து. எழும்பூரிலிருந்து மெட்ரோ வசதிதான். சென்ட்ரலில் மாறி ஆயிரம் விளக்கில் இறங்கினோம், லிஃப்ட் இருந்ததால் அம்மாவுக்குச் சிரமமில்லை. மயிலாப்பூர் பக்கம் இரண்டாம் கட்ட மெட்ரோ வேலை நடப்பதால் ஆட்டோ சுற்றித்தான் போகும். ஒரே நாளில் இரண்டு பேட்டை வைத்துக்கொள்ளாதீர்கள். சீக்கிரம் எழுபவர்களுக்கு 1928-ல் தொடங்கிய மியூசிக் அகாடமியில் காலை லெக்டெம், அதாவது பாடிக்காட்டி விளக்கும் உரை, உண்டு. ஒரு ராகத்தையோ பல்லவியையோ பிரித்துப் பிரித்து விளக்குவார்கள். அதைக் கேட்டுவிட்டு மதியக் கச்சேரிக்குப் போய் உட்காருங்கள்.